ஒரே வளவில் இரண்டு பிள்ளைப்பேறு

போன மாதம் மூன்று இளம் மருத்துவமாதுகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு ஸ்கூட்டர், தோளில் பை, கையில் தொலைபேசி. எங்கள் காலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தோமே என்று எனக்கு எரிந்தது. மூவரில் இளையவளுக்கு வயிறு தெரிந்தது. எழுபதைக் கடந்த பிறகும் என் கண் முதலில் அங்கேதான் போனது. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பிள்ளைப்பெற்ற தாய்மாரின் மனநிலையைக் கவனிப்பது பற்றி அவர்களுக்கு இப்போது புதிதாகப் பயிற்சி கொடுக்கிறார்களாம். "உங்கட காலத்தில இப்பிடி மனசு குழம்பின தாய்மார் இருந்தவங்களா அன்ரி?" என்று அந்த இளையவள் கேட்டாள்.

"இருந்தாங்க பிள்ளை. அப்ப அதுக்குப் பேர் பேய்" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மருதமுனையில் நான் கண்ட ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கேட்டுவிட்டு, இதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் என்னை நல்லவளாகக் காட்டி எழுத எனக்கு வராது.

என் பெயர் பூரணம். ஊர் ஆலையடிவேம்பு. பயிற்சி மட்டக்களப்பில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொதிக்க வைத்தோம், கழுவினோம், ஏச்சு வாங்கினோம், மறுபடி கழுவினோம். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் என்னை மருதமுனைக்கு மருத்துவிச்சியாகப் போட்டார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள். பிள்ளை இல்லை. பின்னும் இல்லை.

இப்படி ஒருத்திக்கு அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடிந்தால் ஒருத்தியின் பிள்ளையை என் கையால் எடுப்பேன். துடைத்து, தொப்புள் கட்டி, அவள் நெஞ்சில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவேன். வழியெல்லாம் தறிச் சத்தம். எந்த வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் குழந்தைத் துணி காயும். பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை, தொண்டையில் மீன்முள் போல நின்றது. ஒரு பிள்ளை அழுதால் மற்றவர்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் அதைத் தூக்குகிறவளைப் பார்ப்பேன். எப்படித் தூக்குகிறாள், எந்தத் தோளில் போடுகிறாள், எவ்வளவு உரிமையாகப் போடுகிறாள் என்று பார்ப்பேன்.

எனக்கு மேலே இருந்தவரை நாங்கள் பெரிய மிஸ்ஸி என்போம். மட்டக்களப்புப் பறங்கியர். உயரம், மெலிவு, வெள்ளைக் கவுண், கறுப்புக் குடை. கிழமைக்கொரு முறை கல்முனையிலிருந்து என் பகுதியைப் பார்க்க வருவார். வந்ததும் பையைத் திறக்கச் சொல்வார். கத்தரி, தொப்புள் நூல், லைசோல் போத்தல், எனாமல் கோப்பை, எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைக்க வேண்டும். கத்தரியை எடுத்து மணந்து பார்ப்பார். கொதித்த கத்தரிக்கு ஒரு மணம், கொதிக்காததற்கு ஒரு மணம் என்பார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பிழை கண்டால் சத்தம் போட மாட்டார். விரித்த குடையை மடக்கிவிட்டு அப்படியே நிற்பார். அவர் குடை மடங்கினால் நான் பையை மறுபடி முதலிலிருந்து அடுக்குவேன்.

தாய்மாரிடம் அவர் பேசுகிற விதமே வேறு. "சுகமா?" என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாப் பொம்பிளையும் சுகம் என்றுதான் சொல்வாள் என்பார். பாயில் இருந்துகொண்டு, காய்ச்சல் பார்த்து, நாடி பார்த்து, வயிற்றில் கைவைத்துக் கருப்பை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, "நேத்து என்ன சாப்பிட்டனீங்க? ஆர் சமைச்ச?" என்பார். ஆர் சமைத்தது என்ற கேள்வியில் பாதி வீடு வெளியே வந்துவிடும். அந்தத் திறமையின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

இனி அந்த வீடு. கைறுன்னிசா என்ற பெண்ணின் வீடு. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். கைறுனின் தாய் சுலைகா உம்மாவும் அப்படித்தான் தன் கல்வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் கிடுகு வேய்ந்த ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அவருடைய புருஷன் சாறன் மூட்டையோடு சவளக்கடைப் பக்கம் யாவாரத்துக்குப் போகிறவர், வீட்டில் தங்குவது குறைவு. கைறுனின் புருஷன் ஆதம்பாவா நெசவாளி. சாதுவான பையன்.

தாயும் மகளும் ஒரே காலத்தில் வயிற்றோடு இருந்தார்கள். அந்த நாளில் இது ஊரில் நடக்காத காரியம் இல்லை. ஆனாலும் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தாய் பெறுவதென்றால் ஒரு வெட்கம். சுலைகா உம்மா முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மறைப்பார். எனக்கோ இரட்டை எரிச்சல். ஒன்றுக்கும் வழியில்லாமல் நான் இருக்க, ஒரே வளவில் இரண்டு!

சுலைகா உம்மாவுக்கு முதலில் வலி கண்டது. ஆண் பிள்ளை. பிறந்தது, மெல்ல அழுதது, மறுநாள் போய்விட்டது. அடக்கம் முடிந்த பிறகு வந்த பெண்கள், "அல்லாட நாட்டம், இந்த வயசில இனி என்னத்துக்கு?" என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். சுலைகா உம்மா அழுததை நான் பார்க்கவில்லை. பால் வற்ற நெஞ்சைக் கட்டிவிடப் போனேன். "வேணா புள்ள, எனக்கு அதெல்லாம் தானா வத்தும்" என்றுவிட்டார். ஏனென்றால் அதற்குள் மகளுக்கு வலி கண்டுவிட்டது. தன் உடம்பு தேறுமுன்னே அவர் எழும்பி, மகளின் அறைக்குள் வந்து நின்றார்.

கைறுனுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, நல்ல குரல். ஊரே வந்து பார்த்தது. கைறுனின் காக்காவுக்கு, அவள் அண்ணனுக்கு, ஒரு சின்ன மகன் இருந்தான். அவனைக் கூட்டிவந்து, "இந்தா உண்ட பொண்டாட்டி" என்று காட்டிச் சிரித்தார்கள். மாமன் பிள்ளை, மாமிப் பிள்ளை கட்டுவது அங்கே பெரிய விருப்பம். கைறுன் அன்றைக்குச் சிரித்ததை நான் கண்டேன். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல். மிஸ்ஸி ஆளனுப்பி, ஊசி போட ஏற்பாடு செய்தார். காய்ச்சலில் அவள் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது பிள்ளையைச் சுலைகா உம்மாதான் பார்த்தார். கொதித்தாறிய தண்ணீரும் மாட்டுப்பாலும் துணித்திரியில் கொடுப்பதாகச் சொன்னார்.

காய்ச்சல் விட்டது. கைறுன் எழும்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சோறு வேண்டாம், தலைவார வேண்டாம், பிள்ளையும் வேண்டாம். கிட்டக் கொண்டுபோனால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். நான் போய், "புள்ளைக்குப் பால் குடுங்க கைறுன்" என்றேன்.

"அது எண்ட புள்ள இல்லக்கா" என்றாள். சுவரோடு பேசுவது போல மெதுவாகச் சொன்னாள். "அது எண்ட தங்கச்சி."

அறைக்குள் நின்ற பெண்கள் வாயில் கைவைத்தார்கள். பெற்ற பிள்ளையைத் தங்கச்சி என்கிறாளே! அன்றைக்கே ஊரில் கதை பரவிவிட்டது. கைறுனைப் பேய் பிடித்துவிட்டது, பிள்ளையைக் கிட்ட விடக்கூடாது, பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதி நூல் கட்ட வேண்டும், சரிவராவிட்டால் தூரத்து ஊரில் உள்ள அவுலியாவின், அதாவது மகானின், அடக்கத்தலத்துக்குக் கொண்டுபோய்ச் சில மாதம் வைக்க வேண்டும் என்றார்கள். பிள்ளை சுலைகா உம்மாவோடு இருக்கட்டும் என்று எல்லோருமே சொன்னார்கள். அதுதான் நல்ல ஏற்பாடு என்று எனக்கும் பட்டது.

ஆதம்பாவாவின் தறி நின்றுபோனது. நாற்பது நாள் முடியும்வரை ஆண் அந்த அறைக்குள் போகக்கூடாது. அவன் வாசலில் சாறனை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு குந்தியிருப்பான். "அக்கா, அவளக் கொண்டு போனா மறுகா வருவாளா?" என்று என்னிடம் கேட்டான். 

பெரிய மிஸ்ஸி வந்தார். கைறுனின் கண் இமையைப் பார்த்தார், நாடி பார்த்தார், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். கல்லுப்போலக் கட்டியிருந்தது. என்ன சாப்பிட்டாய், ஆர் சமைத்தது என்றும் கேட்டார். அவள் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். வெளியே வந்து கிணற்றடியில் நின்று, "காய்ச்சலுக்குப் பிறகு புத்தி குழம்பிப்போகும், கண்டிருக்கிறேன். மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டிவரும் பூரணம். பிள்ளையை இங்க விட வேண்டியதுதான்" என்றார்.

அந்த நேரம் உள்ளே பிள்ளை அழுதது. நான் உள்ளே போய் என் பழக்கப்படி தூக்குகிறவளைப் பார்த்தேன். சுலைகா உம்மா தூக்கினார். தோளில் போடவில்லை, நெஞ்சோடு சாய்த்தார். அவர் சட்டையின் முன்புறத்தில் ஈரம் பரவியது. நான் திரும்பிக் கைறுனைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக் கிடந்தவள் தலையைத் திருப்பியிருந்தாள். பிள்ளையை அவள் பார்க்கவில்லை. தன் உம்மாவின் சட்டையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் தினமும் வீடு வீடாகப் போய்ப் பார்த்த பார்வை அது. பேய் பிடித்தவள் அப்படிப் பார்க்க மாட்டாள். தன்னுடையது இன்னொருத்தியின் கையில் இருக்கிறது என்று நினைப்பவள்தான் அப்படிப் பார்ப்பாள்.

மிஸ்ஸியிடம் ஓடினேன். "மிஸ்ஸி, கைறுனுக்கு அவட தாயில பொறாமை" என்றேன்.

"கண்டதைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாத" என்றார்.

ஈரத்தைச் சொன்னேன். மாட்டுப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கன்னம் வராது என்பதையும் சொன்னேன். மிஸ்ஸி குடையை மடக்கினார். எனக்குப் பயம் வந்தது. ஆனால் அவர் நேரே உள்ளே போய்ச் சுலைகா உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். "உங்கட பிள்ளை போன பிறகு பாலுக்கு என்ன செய்தனீங்க?" என்று கேட்டார். அதுவரை யாருமே அந்தத் தாயிடம் அவருடைய செத்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

சுலைகா உம்மா பிள்ளையின் தலையைத் தடவினார். "இவ காய்ச்சல்ல கிடந்தா நோனா. புள்ள கத்திச்சு. எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலி. எண்ட மகன்ட பால்... நான் என்ன செய்யிற? குடுத்த" என்றார்.

"நான் சென்னனே!" கைறுன் எழும்பி இருந்துவிட்டாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் குரல் வெளியே கேட்டது. "எண்ட தங்கச்சியெண்டு சென்னன். ஆரும் கேக்கல்ல. எனக்குப் பேயாம்! வீட்டத் தந்துட்டுப் புள்ளைய எடுத்துட்டீங்க உம்மா. வீட்ட எடுங்க, எனக்கு வேணா!"

பாலுக்கும் தங்கச்சிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. அப்போது நூல் கட்டுவதற்காக வந்த லெப்பை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தாடி, நிதானமான மனுசன். கைறுன் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. கையில் வைத்திருந்த நூலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரைக்கு வெளியே ஆதம்பாவா போட்ட பாயில் இருந்தார்.

"இது பேய்ட வேல இல்ல. புள்ள செல்லுறதில நாயம் இரிக்கி" என்றார். பிறகு மிஸ்ஸிக்கும் எனக்கும் விளங்கும்படி சொன்னார். ஒரு பெண் இன்னொருத்தியின் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் அவள் அதற்குப் பால்தாய். அவள் பெற்றவர்கள் எல்லாம் அதற்குக் கூடப்பிறந்தவர்கள். அப்படியானால் கைறுனின் மகள் கைறுனுக்கே தங்கச்சி. கைறுனின் காக்காவுக்கும் தங்கச்சி. காக்காவின் மகனுக்கு அவள் மாமி முறை. பிறகு அவனுக்கு அவளை எப்படிக் கட்டிக்கொடுப்பது?

கைறுன் சுவரைப் பார்த்துக் கிடந்த நாளெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பெற்றது அவள், பிள்ளை உம்மாவுக்கு. காய்ச்சலில் கண்ணைத் திறந்தபோது உம்மா பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கண்ட காட்சி அவளை அப்படியே அமுக்கிவிட்டது. மனசு சரியில்லாமல்தான் இருந்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனசு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. காரணத்தைச் சொன்னவளுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து பேய்ப் பட்டம் கட்டினோம்.

"ஆனா ஒண்டு இரிக்கி" என்றார் லெப்பை. "ஒரு தரம் ரெண்டு தரம் குடுத்தா அந்த உறவு வராது. புள்ள வயிறாறக் குடிச்சுத் தானா விடவேணும், அப்பிடி அஞ்சு தரம் குடிக்க வேணும். அஞ்சுக்குக் குறைஞ்சா உறவில்ல. அஞ்சா நாலா எண்டு சந்தேகமாயிருந்தாலும் உறவில்ல. சுலைகா உம்மா, அல்லாவப் பயந்து செல்லுங்க. எத்தின தரம் குடுத்தீங்க?"

 ஆதம்பாவா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கைறுன் தாயின் வாயைப் பார்த்தாள்.

சுலைகா உம்மா என்ன சொன்னாலும் அதுதான் முடிவு. சாட்சிக்கு வேறு ஆள் இல்லை. ஐந்து என்று அவர் சொன்னால் அந்தப் பிள்ளை காலமெல்லாம் அவருக்கும் பிள்ளை, செத்துப்போன மகனின் இடத்தில் ஒரு மகள். அது அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது பிள்ளையைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. ஒருத்தரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

"தெரியா லெவ்வே" என்றார் கடைசியில். "சரியாத் தெரியா. நானும் பச்ச உடம்போட நிண்டன். எண்ணல்ல."

"நிச்சயமாத் தெரியாதா?"

"தெரியா."

"அப்ப உறவில்ல" என்று லெப்பை எழும்பினார். "புள்ளைய அதுட உம்மாட்டக் குடுங்க."

சுலைகா உம்மா பிள்ளையைக் கொடுத்தார். கைறுன் இரண்டு கையாலும் வாங்கினாள். அவளுக்கு நெஞ்சு கட்டியிருந்ததால் வலி தாங்க முடியவில்லை. மிஸ்ஸி வெந்நீர்த் துணி ஒற்றச் சொன்னார். நான் ஒற்றினேன். பிள்ளை வாயை வைத்ததும் அவள் அழத் தொடங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள்.

அன்றோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இன்னும் பல வாரம், சில நாள் பிள்ளையைக் கேட்பாள், சில நாள் வேண்டாம் என்பாள். மிஸ்ஸி மட்டக்களப்புப் பேச்சை விட்டுவிட்டு, வழக்கமான நாட்கள் கடந்த பிறகும் என்னைத் தினமும் போகச் சொன்னார். அவளைத் தனியே விடக்கூடாது. முதலில் அவளுக்குச் சோறு, பிறகுதான் பிள்ளை. பகலில் அவள் தூங்குகிற நேரம் வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல தாய் இப்படிச் செய்வாளா என்று எவளும் வாய் திறக்கக்கூடாது. இவ்வளவுதான் வைத்தியம். இன்னொன்றும் செய்தார். ஆதம்பாவாவை அறைக்குள் கூப்பிட்டார். பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். "பிள்ளைக்குத் தகப்பன் இல்லையா? அவன் பிடிக்கட்டும், இவ சாப்பிடட்டும்" என்றார் மிஸ்ஸி. அவன் பிள்ளையை உடைந்துபோகிற சாமான் மாதிரி ஏந்திக்கொண்டு நிற்பான். அதைப் பார்த்துத்தான் கைறுன் காய்ச்சலுக்குப் பிறகு முதல்தரம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வந்தது, வழக்கமான எரிச்சலும் வந்தது.

ஆனால் லெப்பை வந்துபோன அந்தப் பகலில் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

மிஸ்ஸி கல்முனைக்குப் புறப்படுமுன் என்னைக் கிடுகு வீட்டுக்கு அனுப்பினார். சுலைகா உம்மாவின் பாலை வற்றவைக்க வேண்டும். நான் அகலமான துணியை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தரம் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து இருந்தார். பால் தானாக வடிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒருநாளும் வராத பால். நான் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

முதுகுக்குப் பின்னால் துணியைக் கொண்டுபோய் முன்னால் இழுத்துப் பிடித்தேன். அந்த நேரம் கல்வீட்டில் பிள்ளை அழுதது. சுலைகா உம்மாவின் உடம்பு முழுவதும் ஒருமுறை ஆடியது. நான் பிடித்திருந்த துணி என் விரல்களுக்குள்ளேயே நனைந்தது. பிறகு அழுகை நின்றுவிட்டது. கைறுன் கொடுக்கத் தொடங்கியிருப்பாள்.

கேட்கக்கூடாத கேள்விதான். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உம்மா, மெய்யா உங்களுக்கு எத்தின தரமெண்டு தெரியாதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அழுகை நின்ற பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

"கட்டு புள்ள" என்றார். "இன்னம் இறுக்கிக் கட்டு."